பொன்னுக்கு வீங்கி

அழகுத்தாய்க்குத் தங்கச்சி என்றால் உயிர். அந்தப் பாசமே மகாலட்சுமிக்கு வினையாக வந்தது. யாரைக் குறை சொல்ல?

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை மகாலட்சுமிக்கு. மேல்வரிசைக் கடைவாய்ப்பல் சொத்தையாகி மாதக்கணக்காயிற்று. வலித்தால் கிராம்பை வைத்து அமுக்கிக்கொள்வாள். பல் டாக்டரிடம் போகச் சொன்னால், "போறேன்க்கா, போறேன்க்கா" என்று சிரித்து மழுப்புவாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் கன்னம் பொம்மென்று வீங்கி, காய்ச்சலோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழகுத்தாய் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டாள்.

"ஏட்டி, இது பொன்னுக்கு வீங்கில்லா! அம்மை வகையாக்கும். ஊசி கீசி போட்டா ஆத்தா கோவிச்சுக்கிடுவா."

தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டாள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கன்னத்தில் பூசினாள்.

"அக்கா, பல்லுதான் வலிக்கு. டாக்டர்ட்ட காமிப்போமா?"

"சும்மா கெடட்டி. தலைக்குத் தண்ணி ஊத்துன பொறவு எங்க வேணும்னாலும் போவோம்."

அடிப்பாவி, அந்தப் பிள்ளை சொன்னதைச் செத்த நேரம் காதில் வாங்கியிருக்கக் கூடாதா! வீக்கம் வடியவில்லை, மேலே ஏறியது. தலை பிளக்கிறதென்று மகாலட்சுமி கத்தினாள். இமை தொங்கி, இரண்டு கண்ணும் பிதுங்கிய பிறகுதான் அழகுத்தாய் அலறியடித்து ஆட்டோ பிடித்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் அந்தச் சொத்தைப் பல்லுச் சீழ்தான்மா. முகத்து ரத்தக்குழாய் வழியா உள்ள ஏறி, கண்ணுக்குப் பின்னால, மூளைக்கு அடியில இருக்கிற பெரிய குழாய்க்குப் போயிருச்சு. அங்க ரத்தம் உறைஞ்சு நிக்குது. உயிரைக் காப்பாத்தப் பாக்குறோம். பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது."

அழகுத்தாய் வார்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உயிர் மட்டும் போதும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டாள்.

உயிர் தங்கியது. காய்ச்சல் விட்டு ஒருநாள் மகாலட்சுமி கண் விழித்தாள். ஜன்னல் வழியே உச்சி வெயில் கட்டில் முழுக்க விழுந்திருந்தது. அவள் கையால் துழாவி அக்காவைப் பிடித்தாள்.

"அக்கா, கரண்டு போயிருச்சா?"

அழகுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஆமாட்டி, போயிருச்சு. இப்ப வந்துரும், படுத்துக்கோ" என்றாள்.