சத்திக்கு ஒட்டுவது

என் மனைவியின் காதுக்குப் பின்புறத்தை இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை வரவில்லை. அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கூடத்து விளக்கின் கீழ் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் கொண்டையைத் தூக்கிப் பிடித்திருக்க, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே முடியில்லாத ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் பத்துக் காசு அகலத்தில், தோல் நிறத்தில், ஒரு வட்டப் பிளாஸ்டர்.

"கெதியா ஒட்டுங்கோ. கை நோகுது."

"பொறு கனகம். ஈரம் இருக்கக் கூடாது, முடி இருக்கக் கூடாது, காயம் இருக்கக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். உன்ர தலையில அப்பிடி ஒரு இடத்தை நான் எங்க போய்த் தேடுறது?"

கனகேஸ்வரிக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. வாந்தியை எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் சத்தி என்போம். கார் பங்சார் சாலையில் திரும்பும்போதே அவளுக்குச் சத்தி வந்துவிடும். ரயில் மட்டும்தான் விதிவிலக்கு. ரயில்வேக் கணக்கனைக் கட்டிக்கொண்டதில் தனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிவாள். ஆனால் கேமரன் மலைக்கு ரயில் இல்லையே. எங்கள் ஒரே மகள் ரமணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பாலனைக் கட்டிக்கொண்டு அந்த மலைமேல் தானா ராத்தாவில் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் கனகம் அந்த வீட்டை ஒரு தடவையும் பார்த்ததில்லை. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் எத்தனை வளைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டே அவளுக்கு வயிற்றைப் புரட்டியது.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தோம். ஏழாம் மாதத்தில் ரமணிக்கு இரத்தம் பட்டுவிட்டது. கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, மலையை விட்டு இறங்குவதை நினைக்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். செய்தி வந்த அன்று கனகம் அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் சிவசம்புவின் கிளினிக்குக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

அவர் அவசரப்படாத மனிதர். கண்ணில் அழுத்தம் உண்டா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வயிற்றில் பிள்ளை உண்டா என்று கேட்டபோது கனகம் என்னை முறைத்தாள், நான்தான் ஏதோ சொல்லிக் கொடுத்ததுபோல. எல்லாம் சரியென்றான பிறகு சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த அந்த மருந்தில் இரண்டு எழுதிக் கொடுத்தார். பயணத்துக்கு முதல்நாள் மாலையே ஒட்டிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்று நாள் வேலை செய்யும். வாய் உலரும், தூக்கம் வரும். வெட்டக் கூடாது, வெட்டினால் மருந்து அளவில்லாமல் இறங்கிவிடும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஏற ஒன்று, இறங்க ஒன்று. கனகத்துக்கு இறங்குகிற எண்ணமே இல்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளை பிறக்கும்வரை மகள் பக்கத்திலேயே இருக்கவேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. ஆனால் அது மருமகன் வீடு. பிரசவம் வரை அங்கே தங்கப்போவது பாலனின் அம்மா இராஜம்மா என்று முடிவாகியிருந்தது. கனகத்தை யாரும் 'இருங்கள்' என்று சொல்லவில்லை. சொல்லாத வீட்டில் தங்குவது எங்கள் ஆட்களுக்கு வழக்கமில்லை, அதிலும் கனகத்துக்கு மூக்குக்கு மேல் ரோஷம். பார்த்துவிட்டு நாலாம் நாள் இறங்கிவிடுவதாகத் திட்டம்.

இராஜம்மாவுக்கும் அவளுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. சண்டையே நடந்ததில்லை. பரிசம் போடும் விஷயமாக நாங்கள் முதல்முதலாக, காப்பாரில் அவர்கள் இருந்த எஸ்டேட்டுக்குப் போனபோது, கனகம் காரிலிருந்து இறங்கிய வேகத்தில் அவர்கள் வாசல் கோலத்தின் மேலேயே சத்தி எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு அம்மாக்களும் ஒருவருக்கொருவர் மரியாதை குறையாமல் தள்ளி நின்றுகொண்டார்கள்.

அந்த இராஜம்மா மறுநாள் எங்களோடு காரில் வருவதற்காக அன்று மாலையே வந்து, பூண்டும் பெருங்காயமும் மணக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னா சம்பந்தியம்மா அது, கோயோவா?" என்றார். கோயோ என்றால் சீன மருந்துக் கடையில் விற்கிற வலிப் பிளாஸ்டர். துண்டு துண்டாக வெட்டி, தலைவலிக்கு நெற்றிப்பொட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வார்கள்.

"கோயோ மாதிரித்தான். இது சத்திக்கு ஒட்டுறது. டொக்டர் தந்தவர்."

"சத்திக்கெல்லாம் இப்ப பிளாஸ்டர் வந்துருச்சா" என்ற இராஜம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போய்விட்டேன். மருந்து பட்ட விரல் கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும் என்று டாக்டர் மிரட்டியிருந்தார்.

மறுநாள் காரை நான் ஓட்டினேன். தாப்பா வரை கனகம் தூங்கினாள். ஏற்றம் தொடங்கியதும் விழித்து, வாய் உலருகிறது என்று புளிப்பு அசாம்பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, முன் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். நான் ஒவ்வொரு வளைவிலும் அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதி மலையில் கம்பியை விட்டாள். அருவி தெரிந்த இடத்தில் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். மூங்கில் குடிசைகளில் மலைவாசிகளான ஓராங் அஸ்லிக்காரர்கள் பெத்தாய் அவரைக்காய்க் கொத்துகளை விற்பனைக்குத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இஞ்சருங்கோ, இந்த மலையெல்லாம் இவ்வளவு நாளும் இஞ்சதான் இருந்ததோ?" என்றாள்.

இவளை எத்தனை இடங்களுக்கு நான் கூட்டிப்போகாமல் இருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். பின் இருக்கையில் இராஜம்மா பையைக் கட்டிக்கொண்டு கனகத்தின் பிடரியையே பார்த்தபடி வந்தார்.

ரமணி சுவரோடு சாய்த்த தலையணையில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் எழப் பார்க்க, கனகம் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கனகம் முறைப்படி பிளாஸ்டரை உரித்து, ஒட்டுப்பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் குப்பையில் போட்டு, கையையும் காதின் பின்புறத்தையும் கழுவினாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தவள் ஒரு தவறு செய்தாள். மிச்சமிருந்த ஒன்றை உறையோடு ரமணியின் மருந்து மேசையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பாலன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். கனகம் கஞ்சிக் கிண்ணத்தோடு அறைக்குள் போக, பின்னால் நான் தண்ணீர் செம்போடு போனேன். இராஜம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் கத்தரிக்கோல். பிளாஸ்டர் சரிபாதியாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு பாதி அவர் விரல் நுனியில். இன்னொரு கையால் ரமணியின் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, டொக்டரைக் கேட்டிட்டு ஒட்டுவமே" என்று ரமணி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கனகம் கிண்ணத்தை எங்கே வைத்தாள் என்று தெரியாது. பாய்ந்துபோய் இராஜம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கோ. இதை இவளுக்கு ஒட்டக் கூடாது."

இராஜம்மா பிடிபட்ட தன் கையைப் பார்த்தார். பிறகு கனகத்தைப் பார்த்தார்.

"ஏன் ஒட்டக் கூடாது? நீங்க ஒட்டிக்கிட்டு ஜம்முனு வந்தீங்கல்ல. நா வழி பூரா பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். பெத்த புள்ள சத்தி இல்லாம நாராக் கெடக்குது, அம்மாக்காரி தனக்குச் சத்திக்கு ஒட்டிக்கிறாங்க. ஒண்ணு மிச்சம் இருக்கே, அத மருமவளுக்கு ஒட்டுனா கொறஞ்சா போயிரும்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு அதே விரல்களால் கண்ணைத் துடைத்தார். அந்தப் பாதிப் பிளாஸ்டர் தரையில் விழுந்தது.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காப்பார் பக்கத்தில் சத்தி என்றால் உடம்பின் தெம்பு.

"சம்பந்தி, இவள் சத்தி எண்டு சொன்னது வாந்தியை. எங்கட பேச்சில வாந்திதான் சத்தி. நீங்க சொல்லுற சத்தியை நாங்க சக்தி எண்டுதான் சொல்லுவம்."

"வாந்திக்கா ஒட்டுனாங்க?"

"வாந்திக்குத்தான்."

பிறகு கட்டிலிலிருந்து ஒரு விநோதமான ஒலி கேட்டது. ரமணி போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். "சிரிக்க வைக்காதேங்கோ. அசையக் கூடாது எண்டு சொல்லியிருக்கினம்" என்றாள்.

இராஜம்மா சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைப் பார்த்தார். "இத ஒட்டியிருந்தா புள்ளைக்கு?"

"பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கலாமோ எண்டு தெரியாது. அதாலதான் டொக்டர் என்னட்டையே கேட்டவர், வயித்தில பிள்ளை இருக்கோ எண்டு" என்றாள் கனகம். "இதை வெட்டவும் கூடாது."

இராஜம்மா மருந்து பட்ட கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். கனகம் அந்தக் கையைத்தான் மறுபடி பிடித்தாள், இந்தத் தடவை வேறு மாதிரி. தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவிவிட்டாள். கண்ணிலும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். நான் துண்டுகளைக் காகிதத்தால் எடுத்து மடித்துக் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தபோது இருவரும் இன்னும் தண்ணீர்த் தொட்டியருகில்தான் நின்றார்கள்.

"அப்ப, பரிசம் பேச வந்தன்னைக்கு எங்க வாசல்ல?"

"அதுவும் சத்திதான்."

"எஸ்டேட்டு வீடு உங்களுக்குப் புடிக்கலேன்னு நெனச்சேன். எங்க வீட்டு வாடையே ஆகலைன்னு." இராஜம்மா ஈர முகத்தைத் துடைக்காமலே நின்றார். "ரெண்டு வருசமா மனசுல வச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

கனகம் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

மதியத்துக்குள் இராஜம்மாவின் வலது கண்மணி மட்டும் கரும்பொட்டாக விரிந்துவிட்டது. வெளிச்சம் கூசியது, சோற்றில் கிடந்த கறிவேப்பிலை கண்ணுக்குத் தெரியவில்லை. பாலன் வந்ததும் ரமணியை அவரிடம் விட்டுவிட்டு, பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, பழைய கண் வியாதி ஏதும் உண்டா என்று விசாரித்தார். விரலால் பட்டதுதான், ஓரிரு நாளில் தானே சரியாகும், கண்ணில் வலியோ சிவப்போ வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். திரும்பும்போது படிகளில் கனகம் இராஜம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நாலாம் நாள் காலை நான் பெட்டிகளைக் காரில் வைத்தேன். கனகம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பிளாஸ்டர் இல்லாமல் அத்தனை வளைவும் இறங்கவேண்டும். முகம் இப்போதே பச்சையாக இருந்தது. ஆனால் அவள் மகளின் கட்டிலருகே நின்று போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது சத்திக்குப் பயந்து அல்ல.

இராஜம்மா வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தி, நீங்க போயிட்டு வாங்க. சம்பந்தியம்மா இருக்கட்டும்லா. எனக்கு இன்னும் கண்ணு மங்கலாத்தான் இருக்கு. புள்ளைக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டேன்னா வம்பு. பிரசவம் ஆவுற வரைக்கும் கூட ஒரு ஆளு வேணும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல வெயில். இரண்டு கண்மணியும் எனக்கு ஒரே அளவாகத்தான் தெரிந்தன. கனகத்தின் பெட்டியை மட்டும் காரிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கனகம் என்னைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள். அவள் அழுவதை நான் பார்த்துவிடக் கூடாதாம்.

தனியாகக் காரில் ஏறியவன், தேத்தண்ணி பிளாஸ்கை மறந்துவிட்டதை நினைத்து இறங்கித் திரும்பி வந்தேன். அறை ஜன்னல் திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் இராஜம்மா, மடியில் பாதி தைத்த சின்னத் தொப்பியோடு, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரே குத்தில் நூலைக் கோத்தார். அப்போது குசினிப் பக்கமிருந்து கனகத்தின் காலடி கேட்டது. இராஜம்மா மளமளவென்று நூலை உருவி எடுத்து, ஊசியைத் தனியாக, நூலைத் தனியாக நீட்டிக்கொண்டு கண்களைச் சுருக்கினார்.

"சம்பந்தியம்மா, இத கொஞ்சம் கோத்துக் குடுங்க."