கலங்கல் கல்லில் ஒரு கோடு

சடையப்பன் ஏரிக்கரையில் சர்க்கார் அடித்திருந்த முளைக்குச்சிகளை எண்ணினான். பதினொன்று. மறுபடியும் எண்ணினான். எத்தனை தரம் எண்ணினாலும் ஐந்தாவது முளையும் ஆறாவது முளையும் அந்தக் கபருக்கு இந்தப் பக்கம்தான் நின்றன. கபர் ஏரிப் பக்கம் கிடந்தது.

நெடுந்தாங்கல் ஏரியின் மேற்குக் கரை அது. ஐப்பசி பிறந்தால் கீழைக்காற்று தண்ணீரையெல்லாம் இந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து மோதும். வருஷத்துக்கு எட்டடி பத்தடி மண் போய்விடும். கரைமேல் இருந்தது கபர்ஸ்தான், முஸ்லிம்களை அடக்கம் செய்யும் இடம். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் லுங்கிக் கடை வைத்திருக்கும் சுலைமான் பாய், இரண்டு வருஷம் முன்பு தன் மனைவி ஜெய்புன்னிசாவை இங்கே அடக்கம் செய்தபோது தண்ணீர் இருபதடிக்கு அப்பால் இருந்தது. இப்போது அவள் கபரிலிருந்து இரண்டடியில் கரை செங்குத்தாக அறுந்து நிற்கிறது.

அலை அரிக்காமல் கரையில் கல் அடுக்குவது சடையப்பனின் தொழில். ஒன்பது வண்டிக் கல் வந்து இறங்கியாயிற்று. ஆனால் ஏரிக்கரையில் யாரும் தன்னிஷ்டத்துக்குக் கல் வைத்துவிட முடியாது. சர்க்கார் உத்தரவு வேண்டும். எட்டு மாதம் பாய் நடந்த நடைக்கு அன்று காலையில்தான் அது கைக்கு வந்தது. அவர் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீயே படி சடையப்பா."

"படி அண்ணாத்த, படி," என்றான் அப்பாசாமி. கடப்பாரையின் மறுமுனையைப் பிடிக்கிற கூட்டாளி அவன். "நாப்பது வயசுல சிலேட்டு தூக்கிகினு போனியே, வீணா பூடக்கூடாது."

சடையப்பன் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினான். கல்வரிசை, ஏரியின் நிறைமட்டத்திலிருந்து பத்தடி தள்ளி, முளைக்கோட்டின்மேல் மட்டுமே இருக்க வேண்டும். முளைக்கு ஏரிப் பக்கமாக ஒரு கல்லும் வைக்கக் கூடாது, மண்ணும் தோண்டக் கூடாது. மீறி வைத்தால் ஏழு நாளைக்குள் வைத்தவரே பிடுங்கி எடுக்க வேண்டும்.

பாய் கொஞ்ச நேரம் முளைகளையே பார்த்தார்.

"அப்போ ஜெய்பு வெளியில கீறா," என்றார்.

கிழக்கே, கடல் இருக்கும் திக்கில், வானம் ஈயம் பூசினமாதிரி கிடந்தது.

"நெறமட்டம் இங்கதான்னு எவன் சொன்னது?" என்று கேட்டார் பாய்.

"போன தை மாசம் ஓவர்சியரு வந்தாரே பாய். தண்ணி நின்ன எடத்த வச்சி அளந்தாரு," என்றான் அப்பாசாமி.

சடையப்பன் காகிதத்தை மடித்தான். தை மாசத்தில் தண்ணீர் ஏன் அங்கே நின்றது என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தியவனே அவன்தான்.

ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகக் கலங்கல் உண்டு. அதன்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள். கார்த்திகையில் அந்தக் கல்லிடுக்குகளைப் புல்லோடு வெட்டிய மண்கட்டியால் அடைத்துவிட்டால் ஏரி ஒரு முழம் கூடுதலாக நிற்கும். கடைசிப் பயிருக்கு அந்த ஒரு முழம்தான் உயிர். செய்யக் கூடாதுதான். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக ஏரிப்பாசன நிலங்களுக்கெல்லாம் ஆயக்கட்டுப் பெரியவரான தர்மராஜ் சொல்ல, சடையப்பன்தான் அடைத்து வந்தான். எழுத்துக் கற்ற வருஷம், மூன்றாவது குத்துக்கல்லில் அடைப்பு எதுவரை வரவேண்டும் என்று உளியால் ஒரு கோடு போட்டான். பக்கத்தில் 'ச' என்று வெட்டினான். தான் எழுதினது கல்லில் நிற்பதைப் பார்க்க அன்றைக்கு அவ்வளவு ஆசை. அப்பாசாமிக்கும் அந்தக் கோட்டைக் காட்டித்தான் வேலை பழக்கினான்.

உயரத்தில் ஒரு முழம். சரிவு அதிகமில்லாத இந்தக் கரையில் அது இருபதடி. பன்னிரண்டு வருஷமாகக் கபர்களை நோக்கித் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது தன் கைதான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் தர்மராஜின் களத்துக்குப் போனான்.

"நைனா, ஓவர்சியராண்ட சொல்லிடலாம். அந்த முளைக்கோடு தப்பு. அடைச்ச தண்ணிய வச்சி அளந்துட்டாங்க."

தர்மராஜ் வெற்றிலையைத் துப்பினார். "இன்னாடா சொல்ற? நூத்தி இருவது காணி காயட்டும், ஒரு பொணம் நனையாம இருக்கட்டும்னா?"

"நைனா…"

"போய் சொல்லு. அடச்சது யாருன்னு கேப்பான். கல்லுல எவன் பேரு கீது, என் பேரா? ஜெயிலு சோறு நல்லா இருக்குமாம், சாப்ட்டு வா. ஆனா ஒண்ணு, இந்த ஏரியில உனக்கு இனிமே ஒரு கூட மண்ணு வேல கெடையாது."

வீட்டில் மனைவி அம்சா முழுதையும் கேட்டுவிட்டு, உலையில் அரிசியைப் போட்டபடி, "பாய் வூட்டம்மா நம்ம புள்ளைக்கு சட்டைத்துணி குடுத்தது," என்றாள்.

மறுநாள் சடையப்பன் ஓவர்சியர் கண்ணாயிரத்தைக் கலங்கலுக்கு அழைத்துப் போனான். ஏரி பாதி காய்ந்து கிடந்தது. மூன்றாவது கல்லில் கோடு தெளிவாகத் தெரிந்தது. ஓவர்சியர் முழக்கோலை வைத்து அளந்தார், கோபப்படவில்லை.

"நீ சொல்றது நெஜம்னா மட்டம் தப்பு. மட்டம் தப்புன்னா உத்தரவும் தப்பு. புது மட்டம் எடுத்து, மேல எழுதி, மறு உத்தரவு வர்ற வரைக்கும் ஒரு கல் வைக்கக் கூடாது."

"மட்டம் எப்ப சார் எடுப்பீங்க?"

"ஏரி நெறைஞ்சாத்தானே எடுக்க முடியும். தை மாசம் ஆவும்." குடையைக் கக்கத்தில் இடுக்கினார். "இந்த வருஷம் கலங்கல்ல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டறேன். உன்மேல விசாரணை வரும். ஊரவிட்டுப் போவாதே."

இதைக் கேட்ட சுலைமான் பாய் கல்குவியலின்மேல் உட்கார்ந்தார். "உண்மைய சொல்லிட்டு வந்துட்ட. நல்லது. கல்லு?"

"கல்லு இல்லன்னாலும் பரவால்ல பாய். அடைக்கலன்னா தண்ணி இங்க வராது." சடையப்பன் சரிவில் இறங்கி, இருபதடி தள்ளி, ஒரு பனைமட்டையை ஊன்றினான். "இந்த மட்டயத் தாண்டாது. என் தல மேல அடிச்சி சொல்றேன்."

ஐப்பசி ஆறாம் தேதி மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. காற்று கடற்பக்கமிருந்து வந்தது. நெடுந்தாங்கல் பழுப்பாக வீங்கியது. சடையப்பன் தினமும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பனைமட்டையைப் பார்த்தான். ஏழாம் நாள் தண்ணீர் மட்டையின் அடியைத் தொட்டது. எட்டாம் நாள் அங்கேயே நின்றது. கலங்கல் வழிகிற இரைச்சல் ஊர்வரை கேட்டது. பாய் முதல்தடவையாக அவனுக்கு ஒரு பீடி கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் இரைச்சல் இல்லை.

வீட்டில் படுத்திருந்த சடையப்பனுக்கு அதுதான் முதலில் காதில் பட்டது. எழுந்து ஓடினான். மட்டையைக் காணோம். கபரின் பக்கத்துக் கரையிலிருந்து ஒரு பானை அளவு மண் சத்தமில்லாமல் கழன்று தண்ணீருக்குள் இறங்கியது. அடுத்து இன்னொன்று. பாய் அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தார், கையால் பிடித்தால் மண் நிற்கும் என்பதுபோல. இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தாண்டாதுன்ன," என்றார்.

சடையப்பன் கலங்கலுக்கு ஓடினான்.

நோட்டீஸ் மழையில் கிழிந்து தொங்கியது. அதற்குக் கீழே, குத்துக்கல்லுக்குக் குத்துக்கல், பச்சைப் புல்லோடு மண்கட்டி வைத்து அடைத்திருந்தது. நல்ல வேலை. புல் ஏரிப் பக்கம் பார்க்க, வேர் உள்ளே இருக்க, கட்டிக்குக் கட்டி மிதித்து, அவன் பழக்கினபடியே. கரைமேல் அப்பாசாமி மண்வெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அவனை எங்கும் காணவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"வோணாம் அண்ணாத்த, பூடு," என்றான் அப்பாசாமி. "நைனா ஆளுங்க வந்துகினு கீறாங்க. உன் வேலய எனக்கு குடுத்துட்டாரு. எனக்கும் நாலு புள்ளைங்க கீது."

"கபர் அறுந்துகினு போவுதுடா."

"தெரியும்." அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். "எறங்காத. இந்த வேகத்துல ஒரு கட்டிய எடுத்தா ஆளையும் சேத்து இழுத்துகினு பூடும்."

அது பொய் இல்லை. சடையப்பனுக்கே தெரியும். தண்ணீர் அடைப்பின் விளிம்புவரை கனத்து, அசையாமல் நின்றது. எதிர்ப் பக்கம் பள்ளத்தில் ஒரு சொட்டு இல்லை. கரையில் தூரத்தே நாலைந்து குடைகள் வந்துகொண்டிருந்தன.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கமாக இறங்கினான். மூன்றாவது கல்லைக் கையால் தடவினான். கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. அதன் பக்கத்தில் 'ச' விரலுக்கு அகப்பட்டது. அந்த எழுத்தின் குழியில் இடது கைவிரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டான். அந்தக் கல்லில் பிடிக்க வேறு இடம் இல்லை.

"அண்ணாத்த," என்றான் மேலே இருந்தவன்.

வலது கையால் முதல் கட்டியைப் பெயர்த்தான். தண்ணீர் அவன் முதுகில் வந்து அறைந்தது. இரண்டாவது கட்டி எங்கே என்று கை தேடியது.