டிவிக் கண்ணாடிப் பானை

ஆலைகள் கழித்துக் கொட்டிய சாம்பல், கண்ணாடித் தூள், மரத்தூள் மூன்றையும் களிமண்ணோடு பிசைந்து, தண்ணீர் வடிகட்டும் பானை செய்வதுதான் அந்தப் பட்டறையின் வேலை. சூளையில் மரத்தூள் எரிந்துபோகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாகும். அழுக்கு மேலே நிற்க, தெளிந்த நீர் கீழே சொட்டும்.

மூன்று மாதத்துக்கு முன் பாட்டில் கண்ணாடி தீர்ந்துபோயிற்று. வேலை நிற்கக் கூடாதென்று, கலவை போடுகிறவள் பின்கட்டில் குவிந்திருந்த பழைய டிவிக் கண்ணாடியை அரைத்துச் சேர்த்தாள். பானைகள் தட்டினால் கணீரென்றன. "உனக்குக் கைராசிம்மா" என்று சூளைக்காரர் மெச்சினார். அந்தக் கலவையில் வெந்த முதல் பானையைத் தன் அக்காவுக்குக் கொடுத்தாள். அக்காவுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது.

இன்று காலை பரிசோதனைத் தாள் வந்தது. வடிந்த நீரில் ஈயம். டிவிக் கண்ணாடியில் இருந்த ஈயம்; வயிற்றுப் பிள்ளைக்கு விஷம்.

சூளைக்காரர் தாளை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். "வித்ததையெல்லாம் நான் வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்குறேன். அக்காகிட்ட நீயே போம்மா. அத அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாது."

வழி நெடுக ஒரு பொய்யைத் தேடினாள். பானையில் விரிசல் என்று சொல்லி எடுத்து வந்துவிடலாம். ஆனால் ஈயம் உள்ளே போனது தெரியாவிட்டால், டாக்டரிடம் அக்கா எதைச் சொல்வாள்?

"வாடி, மண்ணாங்கட்டி!" என்று அக்கா சிரித்தாள். "உன் பானைத் தண்ணி ஒண்ணுதான் வயித்துல நிக்குது. மத்ததெல்லாம் வந்த வழியே போயிடுது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூலையில் பானை சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கை வயிற்றுக்குப் போயிற்று.

"ஏன்டி, ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?"

அக்கா எழுந்து பானையைச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"அரைச்சது யாரு?"

"நான்தான்."

"மூக்கைக் கட்டிக்கிட்டியா?"

அவள் தலையசைத்தாள். கட்டவில்லை.

"பாவி... நானாவது தண்ணியக் குடிச்சேன். நீ தூளையே தின்னுருக்கியேடி. செருப்பப் போடு, ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பாப்போம்."

மருத்துவமனையில் வரிசை நீண்டிருந்தது. குழந்தையை மட்டும் காப்பாற்று என்று தங்கை ஆண்டவனை வேண்டினாள். மன்னித்தாயா என்று அக்காவைக் கேட்கத் துணிவில்லை. ஆனால் வரிசை நகர்ந்தபோதெல்லாம், அக்கா தங்கையின் கையை விடாமல் அவளையும் சேர்த்தே நகர்த்திக்கொண்டு போனாள்.