கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள்

ஃப்ரீசர் பெட்டியின் பிளக் சுவரில் நிற்கவில்லை. மேஜர் நடத்திவந்த செக்யூரிட்டி ஏஜென்சியின் சூப்பர்வைசர் வேம்புலி ஒரு தீக்குச்சியைச் செருகி இறுக்கினான். கம்ப்ரசர் உறுமியது. கண்ணாடிக்குள் மேஜர் ரகுநாதன் நேராகப் படுத்திருந்தார். விடிகாலையில் குளியலறையில் விழுந்தவர். தூக்கும்போதே உயிர் இல்லை. மூக்கில் பஞ்சு, மார்பில் பழைய பதக்கங்கள், கால்மாட்டில் கட்சித் துண்டு.

வசந்தகுமாரி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொன்பது வருட மனைவி, மூன்றரை வருட கவுன்சிலர். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் மேஜர் அவளை நிறுத்தினார். அவள் ஜெயித்தாள், அவர் கவுன்சிலர் ஆனார். வாசல் பலகையில்கூட அவர் பெயர்தான் பெரிது.

வேம்புலி குனிந்து சொன்னான். "மேடம், சுடுகாட்ல டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் பத்தாதாம். ஊட்ல செத்துருந்தா கவுன்சிலர் லெட்டரும் வேணுமாம்."

"சார்கிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

வேம்புலி தரையைப் பார்த்தான். "நீங்கதான் மேடம் கவுன்சிலர்."

வட்டச் செயலாளர் குணசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். "இதுக்கு இன்னா யோசனை அண்ணி? மேஜர் உங்ககிட்ட கையெழுத்து வாங்கி வச்ச லெட்டர் பேடு கீதே. ஒண்ண இதுக்கு எடுத்துக்கலாம். மீதிய என்னாண்ட குடுத்துருங்க."

"மீதி எதுக்கு?"

இந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டதில்லை. குணசேகரன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

"கால்வா மேட்டரு. குடோன் கட்றாங்க இல்ல, அவங்க அத மூடிக்கிறதுக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர். மேஜர் வாக்கு குடுத்துட்டாரு. சாயங்காலம் போயாவணும்."

"இன்னிக்கா?"

"அவரே இருந்தா இன்னிக்கே குடுத்துருப்பாரு. மிலிட்டரிக்காரர் இல்ல?"

எதிரே கால்வாயோரத்து லோகநாயகி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நவம்பராக அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். போன முறை சேற்றுக் காலோடு இந்த வாசலில் வந்து நின்றாள். சார் வரட்டும், சொல்கிறேன் என்று வசந்தகுமாரி அனுப்பிவைத்தாள். சொல்லவில்லை. இப்போது பேசியதெல்லாம் லோகநாயகியின் காதில் விழுந்திருந்தது. அவள் பிணத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

வசந்தகுமாரி உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலடியில் கறுப்புத் தகரப் பெட்டி. மேலே வெள்ளை பெயிண்டில் அவர் பெயரும் ராணுவ எண்ணும். மாதத்தின் முதல் ஞாயிறு, டிபன் முடிந்ததும் ஐம்பது தாள். அவர் பக்கம் பக்கமாகத் திருப்புவார், அவள் கையெழுத்து போட்டுக்கொண்டே போவாள். ஏன் கீழே இறங்குது, நேரா போடு என்பார். மேலே என்ன எழுதப்போகிறார் என்று அவள் கேட்டதில்லை. அது அவர் வேலை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பயமும்தான்.

பெட்டியில் நாற்பத்தாறு தாள் மிச்சம் இருந்தது. பேனாவை எடுத்து முதல் தாளில் மூலைக்கு மூலை கோடு இழுத்தாள். பிறகு அடுத்தது. இருபதைத் தாண்டும்போது மணிக்கட்டு வலித்தது. வெளியே யாரோ ஒப்பாரியை ஆரம்பித்து, காபி வந்ததும் நிறுத்தினார்கள்.

கடைசித் தாளையும் அடித்த பிறகு, கையெழுத்துப் படாத புது பேடிலிருந்து ஒன்றைக் கிழித்தாள். முன்பு வேறொரு சாவுக்குக் கொடுத்த கடிதத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக எழுதினாள். ஓர் இடத்தில் மட்டும் வெகுநேரம் நின்றாள்.

வெளியே வந்து, கோடு போட்ட தாள்களைக் குணசேகரனிடம் கொடுத்தாள். அவர் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மீதியைச் சீட்டுக்கட்டு போல விசிறினார்.

"இன்னா அண்ணி இது."

"செல்லாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏஜென்சிய இனிமே நீங்கதான் நடத்தணும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல நாங்க சொல்லித்தான் உங்க ஆளுங்க கேட்ல நிக்கிறாங்க. நாளைக்கே வேற ஆள் நிப்பான். பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்." குணசேகரன் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனார்.

அவள் கடிதத்தை வேம்புலியிடம் நீட்டினாள். அவன் முணுமுணுத்துப் படித்தான். 'மேற்படி ரகுநாதன் என்பவரை எனக்கு முப்பத்தொன்பது ஆண்டுகளாக நன்கு தெரியும்...' விரல் பின்னால் போய் 'நன்கு' மேல் நின்றது. அதன்மேல் ஒரு கோடு.

"ஒரு வார்த்தை அடிச்சிருக்கு மேடம். ஒத்துக்குவாங்களா?"

"பக்கத்துல கையெழுத்து போட்டிருக்கேன், பாரு."