கோட்டைவாசலில் ஒரு பர்கர் கடை

கோட்டைக்குள் யாராவது சுவரில் ஆணி அடித்தால், சத்தம் அடங்குவதற்குள் அவர் அங்கே வந்து நிற்பார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தின் ஆய்வாளரான அவருக்கு அதனாலேயே ஊர் வைத்த பெயர் ஆணி சார். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அறிக்கையில் ஒரு வரி பொய் எழுதியதில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்பேர்ப்பட்டவரின் மூக்குக்குக் கீழேயே, கோட்டைவாசலை ஒட்டிய பாழடைந்த கட்டடத்தில், உலகமெல்லாம் கிளை பரப்பிய பர்கர் கம்பெனி ஒன்று கடை திறக்கப்போகிறதாம். மேலிடத்து அனுமதியும் வாங்கியாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்து, தங்கள் வீட்டுத் தெருமுனையில் தின்ற அதே பர்கரைத்தான் தேடுகிறார்களாம். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று ஆணி சார் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்கு உண்மையான கவலை எதிர்க்கடையைப் பற்றித்தான். அங்கே ஒன்பது வருஷமாகச் சூப்பும் ரொட்டியும் விற்பவன் அவருடைய மச்சான், மனைவியின் ஒரே தம்பி.

"அது திறந்துச்சுன்னா நான் உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான் மாமா," என்றான் அவன், ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது.

"நான் எதுக்கு இருக்கேன் மாப்ளே? திறக்க விட்டாத்தானே!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மனைவி அன்று கேட்காமலே இரண்டாம் தடவை பரிமாறினாள். இனி பின்வாங்க முடியுமா?

அவர் நம்பியது அலுவலகத்தின் ஏழாவது விதியை. கோட்டைக்குள் ஒரு கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ, அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். இந்தக் கட்டடம் எதற்குக் கட்டியது என்று யாருக்கும் தெரியாததால்தான் கம்பெனி உள்ளே நுழைய முடிந்தது. குதிரை லாயம், ஆயுதக் கிடங்கு, சிறைச்சாலை, என்னவாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு தடயம் சிக்கினால் கம்பெனி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு, மூன்று நாள் சுவர் சுவராகக் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டினார். சிவப்பு டீ-ஷர்ட் போட்ட கடை மேனேஜர் பெண் பின்னாலேயே வந்து, "உள்ள ஏதாவது பேசுதா சார்?" என்று கேட்டாள். நக்கலாக இல்லை, நிஜமாகவே பயந்து கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை, பின்சுவர் ஓரிடத்தில் பானை மாதிரி ஒலித்தது. "உடைங்க கொத்தனாரே!" என்று ஆணி சார் கத்தியதில் புறாக்கள் பறந்தன.

பூச்சு உதிர்ந்தது. உள்ளே நீளமான கல்மேடை. அதில் வரிசையாக ஐந்து வட்டக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பானை உட்காரும். கீழே அடுப்பு, கரி, ஒரு கூடை கோழி எலும்பு. சந்தேகத்துக்கே இடமில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், கோட்டைக்கு வந்துபோனவர்கள் நின்ற நிலையில் வாங்கித் தின்றுவிட்டு ஓடிய சாப்பாட்டுக் கடை இது.

ஏழாவது விதிப்படி இங்கே சாப்பாட்டுக் கடையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது!

மேனேஜர் பெண் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "திரும்பப் பூசிடவா சார்? நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

கதவு வழியாக எதிர்க்கடை தெரிந்தது. மச்சான் கரண்டியைத் தூக்கிக் காட்டி, முடிஞ்சுதா என்று தலையசைத்துக் கேட்டான். அந்த நிமிஷம் ஆணி சாருக்குத் தன் நேர்மையின் மேலேயே எரிச்சல் வந்தது. பாழாய்ப்போன நேர்மை.

"வேணாம் கொத்தனாரே. இருந்த கடைய இல்லன்னு எழுத எனக்குக் கை வராது," என்றார். நின்றபடியே அறிக்கையை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மேனேஜர் பெண் துள்ளிக் குதித்தாள். விஷயம் தெரிந்து ஓடிவந்த மச்சான் அந்த ஐந்து குழிகளையும் பார்த்தான்.

"கவுத்துட்டீங்களே மாமா."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆணி சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், இங்க ஏதோ கிறுக்கியிருக்கு," என்றார் கொத்தனார். மேடைக்கு மேலே துடைப்பத்தால் தூசி தட்டிக்கொண்டிருந்தார் அவர்.

கத்தி முனையால் கீறிய பழைய எழுத்து. ஆணி சார் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"இங்கே தின்று ஏமாறாதே. எதிர்க்கடைக்குப் போ."

மச்சான் சிரித்த சிரிப்பில் மீதிப் பூச்சும் உதிர்ந்திருக்கும்.

"இத அழிச்சிடலாம்ல சார்?" என்று மேனேஜர் பெண் ஈனஸ்வரத்தில் கேட்டாள்.

"அழிக்கிறதா? ஏம்மா, பன்னெண்டாவது விதி தெரியாதா? பழைய எழுத்து கிடைச்சா கண்ணாடி போடணும், விளக்கு போடணும், வர்றவங்களுக்குப் புரியற மொழியில பெரிசா எழுதியும் வைக்கணும்."

இதையும் அறிக்கையில் சேர்த்தார், ஒரு வரிகூடப் பொய் இல்லாமல்.

கடை சொன்ன தேதியில் திறந்தது, கூட்டமும் அலைமோதியது. ஆணி சார் வாசலோரம் நின்று பார்த்தார். முதல் ஆள் பர்கருக்காகக் காத்து நின்றபடி சுவரைப் படித்தார். மறுபடி படித்தார். மனைவியை இடித்துக் காட்டினார். இருவரும் சேர்ந்து தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தார்கள்.

அன்று மதியம் மச்சான் கடையில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. ஆணி சார் நின்றுகொண்டேதான் சூப் குடித்தார், அதுவும் இருபது நிமிஷம் வரிசையில் காத்திருந்து.