மாடியில் இரண்டாவது பாட்டில்

துவாக்குடியில் வேலை பார்த்த சின்னக் கம்பெனியை மூடியதிலிருந்து மாத்ருபூதம் படுத்த படுக்கைதான். இருபத்தாறு வருஷம் இரும்புத் துண்டுகளை அளந்து சரி, தப்பு என்று சொன்ன மனுஷன், ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் ஏழு மாதமாய்ச் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார். ஒருநாள், "நான் இல்லாட்டி உனக்கு நிம்மதி" என்றார். அன்றோடு அவர் மனைவி சகுந்தலாவுக்குத் தூக்கம் போயிற்று.

மனநல டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "கூடவே அவருக்குப் பிடிச்ச வேலை எதையாவது கையில குடுங்கம்மா. ஆர்வம் வந்தா ஆளும் தேறுவாரு" என்றார். இந்த மனுஷனுக்கு அளப்பதை விட்டால் வேறென்ன பிடிக்கும்? பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்த சகுந்தலா, மழைமானி செய்யச் சொன்னாள். பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து, பக்கவாட்டில் ஸ்கேல் ஒட்டி, மொட்டை மாடியில் வைத்தார். தினம் காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

முதல் மழை நாலு மில்லிமீட்டர். அடேயப்பா, அன்று இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

ஆனால் திருச்சி வானம் யார் வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்தது? பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதி அலுத்து, ஒன்பதாம் நாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் விடிகாலையில் கோலம் போட எழுந்த சகுந்தலா, சொம்புத் தண்ணீரோடு மாடி ஏறினாள்.

"ராத்திரி தூறிச்சுங்க. மாத்திரை போட்டதுல உங்களுக்குத் தெரியல" என்றாள்.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். அப்புறம் வாரம் இரண்டு நாள் சொம்பு மாடிக்குப் போனது. நடுநடுவே நிஜ மழையும் பெய்தது. நோட்டு நிறைந்தது, கேள்வியும் பெருகியது. தண்ணீர்த் தொட்டி காற்றை மறிக்கிறதோ, மேலச் சித்திரை வீதியில் எவ்வளவு பெய்திருக்கும் என்றெல்லாம் கேட்டுத் தொளைத்தார். பொய்தான், பாவம்தான். ஆனால் மனுஷன் சிரித்தாரே!

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, மாடியிலிருந்து கூப்பிட்டார். "சகுந்தலா, ஓடி வா!"

தொட்டிக்கு அந்தப் பக்கம், இவளுக்குத் தெரியாமல் இன்னொரு பாட்டில் வைத்திருந்தார்.

"பழசுல மூணு மில்லிமீட்டர். புதுசுல பொட்டுத் தண்ணி இல்ல. எப்படி?" கண் பளபளவென்று மின்னியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். விடை அங்கே இருந்தது.

அவர் கோபப்படவில்லை. நோட்டை விரித்தார். "எந்தெந்தத் தேதின்னு சொல்லு. அதை மட்டும் அடிச்சிடறேன். மிச்சம் நிக்கும்."

ஐயோ, அவள் குறித்து வைத்தாளா என்ன! இதைச் சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று மட்டும் தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "போன மாசம் மூணு... எட்டு... பதினாறு..."

"எட்டாந்தேதி காந்தி மார்க்கெட்ல நாம ரெண்டு பேரும் நனைஞ்சோமே."

நோட்டை மூடிவிட்டுக் கீழே போய்ப் படுத்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் அசையவில்லை. மறுநாள் எட்டரைக்கு இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கம் நின்றாள் சகுந்தலா.

"நெசமான மழைங்க. ரெண்டுலயும் பதினாலு. நீங்களே பாருங்க."

"நீ சொன்னா சரிதான்" என்றார் மாத்ருபூதம், சுவரைப் பார்த்தபடி.