மிச்சமிருந்த இடம்

தனோஜன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் உதயகலா அந்த வாரம் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பாள். ஆனால் அவன் சும்மா இருக்கிற ஆளில்லை. காங்கேசன்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஆய்வுகூடத்தின் வாசலில் ஒரு பை பாரை மீனை இறக்கி வைத்துவிட்டு, தானே ரொக்கெட் விடப்போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

“ரீச்சர், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பெட்டி பத்திரமாப் போய்ச் சேரும். அண்ணை சந்நிதிக் கோயில் திருநீறும் உள்ளுக்கை வைச்செல்லே அனுப்பினவர்.”

உதயகலா சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

“உள்ளுக்கை எண்டால்? பெட்டிக்கு மேலை பூசினவரோ?”

“சீ, மேலை பூசினால் துடைச்சுப் போடுவாங்கள் எண்டு அவருக்குத் தெரியாதே? உள்ளுக்கைதான். மூடிக்குக் கீழை.”

அவன் போய்விட்டான். பாரை மீன் வாசலிலேயே கிடந்தது. ஈ மொய்க்கத் தொடங்கிய பிறகும் அதை உள்ளே எடுத்துவைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பெட்டி என்று அவன் சொன்னது மூன்று கிலோ கூடப் பாரமில்லாத ஓர் உலோகப் பெட்டி. வலிகாமத்து வெங்காயத்தை நிலத்துக்குள்ளேயே அழுக வைக்கிற பங்கசு, அதாவது பூஞ்சணம், ஒன்று இருக்கிறது. பாரம் என்பதே இல்லாத இடத்தில் அது வெங்காயத்தைப் பற்றிப் பிடிக்குமா, பிடிக்கத் தெரியாமல் தடுமாறுமா என்று பார்ப்பதற்காக உதயகலா ஐந்து வருடம் மாரடித்துச் செய்த பெட்டி அது. பங்கசு நடுவில் ஒரு சிமிழுக்குள் அடைபட்டிருக்கும். அதைச் சுற்றி மின்சுற்றும் வயர்களும். அந்தப் பகுதி முழுவதும் அருட்செல்வனின் வேலை. அவன் ஆய்வுகூடத்தின் பொறியியலாளன், தனோஜனின் மூத்த அண்ணன், நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று சொல்லத்தக்க ஆள்.

அச்சுவேலியில் ஓர் ஆய்வுகூடத்துக்கு ரொக்கெட் வாங்க முடியுமா? கனவிலும் முடியாது. ஆனால் அக்கரையில், சென்னையில் ஒரு தனியார் நிறுவனம், வங்காள விரிகுடாவில் எழும்பும் புயல்களைப் பார்க்கும் செய்மதி ஒன்றை அனுப்ப இருந்தது. ரொக்கெட் சுமக்கக்கூடிய பாரத்தைவிடச் செய்மதி கொஞ்சம் குறைவு. பஸ் எப்படியும் போகத்தான் போகிறது, பின் சீட் காலியாகக் கிடக்கிறது, ஆராய்ச்சிக்காரர் யாராவது ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். உதயகலா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஏற்றிக்கொண்டவர்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெரிய செய்மதிக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு மேல் ஒரு தூசி விழக்கூடாது. உங்கள் பெட்டி அதன் காலடியில்தான் இருக்கப் போகிறது. ஆகவே தூள் கூடாது, உதிர்கிற எதுவும் கூடாது, ஒரு நூல் தும்பு கூடக் கூடாது. யாருடைய பெட்டியிலாவது கோளாறு என்றால் அதைக் கழற்றிவிட்டு, அதே பாரத்தில் வெட்டி வைத்திருக்கும் அலுமினியக் கட்டி ஒன்றை அந்த இடத்தில் பூட்டுவார்கள். நிறுவனம் அனுப்பிய படங்களில் அவளுடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்தக் கட்டியும் இருந்தது. மினுங்காமல், எழுத்தொன்றும் இல்லாமல், தன் முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தது.

சென்னைக்குப் போய் அந்தப் பெட்டியைக் கடைசியாக மூடியவன் அருட்செல்வன். வெள்ளை அங்கி, தொப்பி, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு மூடியவன்.

அவள் கேட்டபோது அவன் மறுக்கவில்லை. கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“ஓம், மிஸ். வைச்சனான்.”

“தூள், அருட்செல்வன்! மாவிலும் பாக்க நைசான தூள்! நீர் படிச்ச ஆள்தானே? விசர் பிடிச்சிட்டுதே உமக்கு?”

“வெள்ளித் தாளிலை மடிச்சு, கொம்பனிக்காரரின்ரை மஞ்சள் ரேப்பாலை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டினனான். வெளியிலை வராது, மிஸ்.”

உதயகலா கதிரையில் உட்கார்ந்தாள். நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில், மலை ஏற ஏற மிக்சர் பை உப்பிக்கொண்டு வருவதை யார்தான் பார்க்கவில்லை? அங்கே காற்றுக் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ரொக்கெட் போகிற இடத்தில் காற்றே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்று போவதற்கென்று அதில் ஒரு சின்னத் துளை விட்டிருந்தார்கள். மடிப்புக்குள் அகப்பட்ட காற்று எந்தத் துளையால் போகும்? மடிப்பு வெடித்தால் பெட்டியின் துளையால் தூளும் வெளியே போகும்.

“ஏன் செய்தனீர்?” என்றாள். கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்தது பயம்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான். “எங்கடை வீட்டிலை திருநீறு வைக்காமல் ஒரு வள்ளமும் கடலிலை இறங்கிறேல்லை. அப்பா ஒரேயொருக்கா அவசரத்திலை இறக்கினவர். காத்து வரும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆள் வரேல்லை, பலகையும் வரேல்லை. அங்கை மூடியைப் பூட்டேக்கை, மிஸ், எனக்குக் கை ஓடேல்லை. சும்மா அனுப்ப மனம் கேக்கேல்லை.”

பிறகு அவனே சொன்னான். “இப்பவே போன் எடுத்துச் சொல்லிப்போடுவம். பிழை என்ரை. என்ரை பேரைச் சொல்லுங்கோ.”

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். போன் மேசையில்தான் கிடந்தது. ஆனால் சொன்னால் அந்த அலுமினியக் கட்டி ஏறும், ஐந்து வருடம் இறங்கும். திருநீற்றால் வாய்ப்பைக் கெடுத்தவர்கள் என்று ஊர் உலகம் சிரிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு பெட்டியை யாரும் ஏற்றமாட்டார்கள்.

“பொறும்,” என்றாள். “முதலிலை சோதிச்சுப் பாப்பம். வெடிக்காமல் இருந்தால் வீணா ஏன் குழப்புவான்?”

வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். படித்தவர்களுக்கு இது ஒரு வசதி. செய்யவேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கு மற்றவர்கள் தலையிடி, காய்ச்சல் என்று சாட்டுத் தேடுவார்கள். இவர்கள் சோதனை என்பார்கள்.

காற்றை உறிஞ்ச ஒரு பம்ப் வேண்டும். பிரிட்ஜ் திருத்தும் அருட்பிரகாசத்திடம் ஒன்று இருந்தது. அவரோ கொடிகாமத்தில் யாருடையதோ ஐஸ்கிறீம் பெட்டி திருத்தப் போயிருந்தார். நாளைக்குத்தான் வருவாராம். யாழ்ப்பாணத்தில் வேறு பம்ப் இல்லாமலா போய்விட்டது? உதயகலா வேறெங்கும் கேட்கவில்லை. நாளைக்கு என்ற சொல் அவளுக்கு இனித்தது.

அடுத்த நாள் பின்னேரம் பம்ப் வந்தது. அருட்செல்வன் அதே மாதிரி வெள்ளித் தாள், அதே மஞ்சள் ரேப், அதே சந்நிதித் திருநீறு கொண்டு ஒரு பொட்டலம் மடித்தான். ஆய்வுகூடத்தின் கனத்த கண்ணாடிச் சாடிக்குள் அதை வைத்து மூடி, குழாயைப் பொருத்தி, பம்பைப் போட்டான். பொட்டலம் மெல்ல உப்பியது. ஒரு தலையணை மாதிரி வந்தது. அப்படியே நின்றது. உதயகலா மூச்சை விட்டாள். வாய் தன்பாட்டில் முருகா என்றது.

அப்போது ரேப்பின் ஒரு மூலை எழும்பியது. சத்தமே இல்லை. பொட்டலம் திறந்து, சாடியின் உட்பக்கம் முழுவதும் ஒரு கணத்தில் வெண்மையாகிப்போனது. அந்தப் பக்கம் நின்ற அருட்செல்வனின் முகம் தெரியவில்லை.

நிறுவனத்தில் பெட்டிகளுக்குப் பொறுப்பானவர் செபநாயகம், தூத்துக்குடிக்காரர். நல்ல மனிதர், இரைந்து பேசத் தெரியாதவர். உதயகலா அப்போதே அவருக்குப் போன் எடுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“மேடம், நேத்து சாயங்காலம் ராக்கெட்டோட தலைமூடியைப் போட்டு அடைச்சாச்சு,” என்றார். “நேத்து மத்தியானம் சொல்லியிருந்தீங்கன்னா சத்தமில்லாம கட்டியை மாத்தியிருப்பேன். இப்ப திறக்கணும்னா எல்லாத்தையும் நிறுத்தணும். ராக்கெட்டை இறக்கணும். மாசக்கணக்கு ஆகும்.”

“கண்ணிலை படுமோ?”

“படலாம், படாமலும் போகலாம். பட்டாலும் கண்ணு குருடாகிடாது. ஏதோ ஒரு மூலையில தெளிவா தெரியாது. அது எந்த மூலைன்னு யாருக்கும் தெரியப்போறதில்லை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். எழுதலைன்னா, நாம பேசினது நாம பேசினதோட சரி. உங்க இஷ்டம், மேடம்.”

போனை வைத்ததும் அருட்செல்வன் கணினியைத் திறந்து எழுதத் தொடங்கினான். இரண்டு விரலால் தட்டித் தட்டி, எழுத்துப் பிழைகளோடு, எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டு எழுதினான். முடித்துவிட்டு அவளைப் பார்த்தான். அவளுடைய பெயரில்தான் அது போகவேண்டும்.

“துளை கீழ்ப்பக்கம் பாத்துத்தானே இருக்கு,” என்றாள் உதயகலா. “தூள் கீழை போயிடும்.”

“அங்கை கீழும் இல்லை மேலும் இல்லை, மிஸ். நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்.”

காலையில் யோசிப்போம் என்றாள். காலையிலும் அதையே சொன்னாள். அருட்செல்வன் அதற்குப் பிறகு கேட்கவில்லை; எழுதியது கணினியிலேயே கிடந்தது. தன் மீது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு தேத்தண்ணீர் குடிக்கவும், வருகிறவர்களுக்குச் சிரிக்கவும், பத்திரிகைக்காரனுக்குப் பேட்டி கொடுக்கவும் முடிகிறதே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

ரொக்கெட் எழும்பும் பின்னேரம் காங்கேசன்துறைக் கடற்கரையில் சனம் திரண்டுவிட்டது. வானம் வெளித்திருந்தால் வடகிழக்கே வெளிச்சம் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தனோஜனின் ஆட்கள் தொழிலுக்குப் போக வள்ளங்களை ஆயத்தம் செய்தபடியே ஒரு கண்ணை வானத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வெடி கொளுத்தக் காத்து நின்றார்கள். பொழுது பட்டு, கடல் கறுத்து, அடிவானம் மட்டும் செம்மண் நிறத்தில் கிடந்தது. காற்று ஒரு சொட்டு இல்லை.

“அங்கை! அங்கை!”

தூரத்தில் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் எழும்பியது. மெல்ல, மிக மெல்ல ஏறியது. ஐந்து வருடம் இதற்காகத்தான் பாடுபட்டாள். இப்போது அவள் மனதார வேண்டியது ஒன்றே ஒன்று: விழு. விழுந்து கடலில் தாழ்ந்து போ. நீ விழுந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. யாரும் எதையும் நம்பிப் போகமாட்டார்கள். தன் நெஞ்சுக்குள் இப்படியொரு வேண்டுதல் கிடந்ததை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

அது விழவில்லை. வளைந்து, சிறுத்து, ஒரு வெள்ளிக் கீறலை விட்டுவிட்டு மறைந்தது. கொஞ்சநேரத்தில் போனில் செய்தி வந்தது. எல்லாம் வெற்றி. செய்மதி பிரிந்துவிட்டது, பின் சீட்டுக்காரர்களும் சுகம். வெடி வெடித்தது. யாரோ ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

தனோஜன் முழங்கால் நனைய ஓடிவந்தான். முகமெல்லாம் பல்.

“ரீச்சர், உள்ளாள் எண்டபடியாக் கேக்கிறன். இவ்வளவு நாளும் காத்து மாறிற மாதிரி இருந்தாலே வலையை வெட்டிப்போட்டு ஓடி வாறனாங்கள். இனி உந்தச் செய்மதி வேலை செய்யத் தொடங்கினால், காத்து வருகுது எண்டு உது சொன்னால் மட்டும் திரும்பினால் போதும்தானே? ஒண்டும் சொல்லாட்டி அங்கையே நிண்டு தொழில் செய்யலாமோ? நம்பலாமோ?”

அருட்செல்வன் பக்கத்தில் நின்றான். அவன் தம்பியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். கெஞ்சுகிறானா, சபிக்கிறானா என்று அந்த இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

“ஓம்,” என்றாள் உதயகலா.

தனோஜன் கடல் பக்கம் திரும்பி, வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினான்.

“ரீச்சரே சொல்லிப்போட்டா! இனிப் பயமில்லையாம்!”

வள்ளத்தடியில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு ஐஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து ஏற்றத் தொடங்கினார்கள்.